நம்ம ஊர் செம்மண்ணுக்கு சைக்கிள் சஸ்பென்ஷன் செட் பண்ணுவது எப்படி

மலை இல்லாத ஊரில் மவுண்டன் சைக்கிள் எதற்கு என்று கேட்கிறவர்களை, மழைக்காலம் முடிந்த கையோடு பொம்மையார்பாளையம் பக்கத்துச் செம்மண் ஓடைகளுக்கோ கடலூர் கேப்பர் மலைச் சரிவுக்கோ ஒரு நடை கூட்டிப்போனால் போதும், அப்புறம் கேட்க மாட்டார்கள். ஆனால் அங்கே வந்து ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போய், "இந்த ஃபோர்க் சரியில்லைங்க, மாத்திடணும்" என்று சொல்கிறவர்கள் நிறைய. ஃபோர்க் என்றால் முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு அமுங்கி எழுகிற இரட்டைக் கால். பெரும்பாலும் அதில் ஒரு கோளாறும் இருக்காது. கடையில் எப்படிக் கொடுத்தார்களோ அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பார்கள். 55 கிலோ காலேஜ் பையனுக்கும் 90 கிலோ அண்ணனுக்கும் ஒரே காற்றழுத்தம் எப்படிப் பொருந்தும்?

நம் பக்கத்து மண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா முடிவும் அதை வைத்துத்தான். ஆரோவில் மேடும் கேப்பர் மலையும் புவியியல்காரர்கள் கடலூர் மணற்கல் என்று பெயர் வைத்திருக்கும் பாறை மேல் உட்கார்ந்திருக்கின்றன. அது வெயிலிலும் மழையிலும் கரைந்து செம்மண்ணாகவும் பட்டாணி அளவுச் சரளையாகவும் கிடக்கிறது. கெட்டித் தரை, மேலே உருளும் சரளை, இடையிடையே தண்ணீர் அரித்த வெட்டு, முந்திரித் தோப்புக்குள் போனால் வேர். பெரிய குதிப்பு, நீண்ட இறக்கம் எல்லாம் நம்மிடம் கிடையாது, சின்னச் சின்ன அதிர்ச்சிதான் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். ஆல்ப்ஸ் மலையில் இறங்குகிறவன் வீடியோவில் சொல்லும் செட்டிங்கை அப்படியே எடுத்துப் போட்டால் இங்கே கை வலிதான் மிச்சம். நமக்கு வேண்டியது சின்னக் குலுக்கலுக்கே அசைந்து கொடுக்கிற, அசைந்ததும் சட்டென்று திரும்பி வருகிற சஸ்பென்ஷன்.

தேவையான சாமான் அதிகமில்லை. ஒரு ஷாக் பம்ப், ஒரு ஸ்கேல், ஒரு கேபிள் டை, சாய்ந்து நிற்க ஒரு சுவர், முடிந்தால் உதவிக்கு வீட்டில் யாராவது ஒரு ஆள். ஷாக் பம்ப் மட்டும் வாங்கியே ஆகவேண்டும். ஃபோர்க்குக்குள் இருக்கும் காற்றின் அளவு கொஞ்சம்தான், அழுத்தம் மட்டும் அதிகம். சாதாரண டயர் பம்பில் ஒரு அடி அடித்தாலே முள் எங்கேயோ போய் நிற்கும், கழற்றும்போது பாதிக் காற்று வெளியே போய்விடும். பெட்ரோல் பங்க் காற்று, பஞ்சர் கடை கம்ப்ரெஸர் இரண்டையும் ஃபோர்க் பக்கமே காட்டாதீர்கள்.

உங்களிடம் இருப்பது காற்று ஃபோர்க்கா ஸ்பிரிங் ஃபோர்க்கா என்று அடுத்து பாருங்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி பார்த்தால் ஃபோர்க்கின் இடது கால் உச்சியில் ஒரு மூடி இருக்கும். திருகிக் கழற்றினால் கார் டயரில் இருப்பது போன்ற வால்வு தெரிந்தால் அது காற்று. கூட்டல், கழித்தல் குறி போட்ட பிளாஸ்டிக் திருகு இருந்தால் அது ஸ்பிரிங். சன்டூர் எக்ஸ்சிடி, எக்ஸ்சிஎம் மாதிரி, தொடக்க விலை சைக்கிள்களில் வருவதெல்லாம் இந்த ரகம். ஃபோர்க்கின் வலது கால் உச்சியில் லாக் அவுட் இருக்கலாம், அதாவது ஃபோர்க்கை அசையாமல் பூட்டும் ஒரு திருகு அல்லது ஹேண்டில்பாருக்குப் போகும் கேபிள். அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், மாதக்கணக்காக லாக் போட்டபடியே ஓட்டிவிட்டு ஃபோர்க் கல்லாய் இருக்கிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. தார் ரோட்டில் லாக் போட்டால் பரவாயில்லை, அப்படியே ஓடைப் பள்ளத்தில் இறக்கினால் ஃபோர்க்குக்கும் கேடு, மணிக்கட்டுக்கும் கேடு.

ஃபோர்க்கைத் தொடுவதற்கு முன்னால் டயர். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பஞ்சர் கடையில் "நல்லா கல்லு மாதிரி அடிங்கண்ணே" என்று சொல்லிப் பழகிய கை நமக்கு. 2.2 இன்ச் டயரில் 50, 60 பிஎஸ்ஐ (பம்ப் முள் காட்டும் காற்றழுத்த அளவு) அடித்துவிட்டால், சரளையின் சின்ன நடுக்கம் முழுவதும் நேராகக் கைக்கு வரும், அதை எந்த ஃபோர்க்கும் காப்பாற்றாது. 70 கிலோ ஆள், ட்யூப் போட்ட டயர் என்றால் முன்னால் 26 முதல் 28, பின்னால் 29 முதல் 32 வரை வைத்துப் பாருங்கள். எடை கூடினால் கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள், டயர் பக்கவாட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே மட்டும் போகவேண்டாம். காற்று குறைத்தால் முள் ஏறும் என்பார்கள். சீமைக்கருவேல முள்ளுக்கு 30 பிஎஸ்ஐயும் ஒன்றுதான், 60 பிஎஸ்ஐயும் ஒன்றுதான், ஏறுவது ஏறியே தீரும். காற்று குறைந்து வரும் பஞ்சர் வேறு: கல்லிலோ வேரிலோ இடித்து ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அப்படி விழுந்தால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள்.

இப்போது முக்கியமான வேலை, சேக் பார்ப்பது. நீங்கள் ஏறி நின்றதும், அசையாமல் இருக்கும்போதே, சஸ்பென்ஷன் தன் மொத்த அசைவில் எவ்வளவு அமுங்கி இருக்கிறது என்பதுதான் சேக். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே இறங்கித் தரையைத் தொடவும் ஃபோர்க்கிடம் கொஞ்சம் நீளம் மிச்சம் இருக்கவேண்டுமே, அதற்காகத்தான் இந்த முன்கூட்டிய அமுங்கல். முன் ஃபோர்க்குக்கு மொத்த அசைவில் 15 முதல் 25 சதவீதம், பின்சக்கரத்துக்கும் சஸ்பென்ஷன் இருந்தால் அந்தப் பின் ஷாக்குக்கு 25 முதல் 30 சதவீதம் என்பது பொதுவான கணக்கு.

எடையைச் சரியாகப் பாருங்கள். வீட்டில் லுங்கியோடு நின்று பார்த்த எடை உதவாது. ஹெல்மெட், ஷூ, முதுகுப் பை, அதற்குள் 2 லிட்டர் தண்ணீர், ட்யூப், டூல், டிபன் பொட்டலம் எல்லாம் சேர்த்து 4, 5 கிலோ சுலபமாக ஏறிவிடும். ஓட்டப்போகும் கோலத்திலேயே சேக் பாருங்கள்.

ஃபோர்க் காலில் எடைக்கு எத்தனை பிஎஸ்ஐ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான அட்டவணை இருக்கும். அதில் உள்ள எண்ணை அடித்து வையுங்கள், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். ஸ்டிக்கருக்கு உங்கள் கை நீளமும் தெரியாது, நீங்கள் முன்னால் சாய்ந்து ஓட்டுகிறவரா நிமிர்ந்து ஓட்டுகிறவரா என்பதும் தெரியாது. காற்றடித்ததும் ஃபோர்க்கை மெதுவாகப் பத்து முறை அமுக்கி எடுங்கள். உள்ளே கீழ்ப்பக்கம் இன்னொரு சின்ன அறை இருக்கிறது, அமுக்கும்போது அதற்குள்ளும் காற்று போய்ச் சமமாகும், பம்ப் முள் கொஞ்சம் இறங்கும். மறுபடி பழைய எண்ணுக்கு ஏற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால், முதல் பயணத்தில் நாலு பள்ளம் தாண்டியதும் ஃபோர்க் வேறு ஆளாக மாறியிருக்கும்.

அப்புறம் லாக், கம்ப்ரெஷன் (அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகு) எல்லாவற்றையும் முழுக்கத் திறந்துவிட்டு, சுவரை ஒட்டிச் சைக்கிளை நிறுத்துங்கள். உதவிக்கு வந்தவர் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து எழுந்து நின்று, முழங்கையை லேசாக மடக்கி, இறக்கத்தில் போகும் நிலையில் நில்லுங்கள். சீட்டில் உட்கார்ந்து பார்த்தால் எடை பின்னால் போய்விடும், ஃபோர்க் கணக்கு தப்பும். இரண்டு, மூன்று முறை குலுக்கி அமரவிட்டு, சுவரை ஒரு விரலால் மட்டும் தொட்டபடி அசையாமல் நின்று, ஃபோர்க் குழாயில் இருக்கும் ரப்பர் ஓ-ரிங்கை, குழாய் உள்ளே நுழையும் இடத்து ரப்பர் சீலைத் தொடும்வரை கீழே தள்ளச் சொல்லுங்கள். ஓ-ரிங் இல்லையென்றால் கேபிள் டையை இறுக்கமில்லாமல் கட்டிக்கொள்ளலாம், வாலை வெட்டிவிடுங்கள். இப்போது ஃபோர்க் மேலும் அமுங்காதபடி பூனை மாதிரி இறங்குங்கள். சீலிலிருந்து ஓ-ரிங் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலில் பாருங்கள்.

மொத்த அசைவு 120 மி.மீ. உள்ள ஃபோர்க் என்றால் 24 மி.மீ. வந்தால் 20 சதவீதம், 30 வந்தால் 25 சதவீதம். 100 மி.மீ. ஃபோர்க் என்றால் கணக்கே வேண்டாம், ஸ்கேலில் பார்ப்பதுதான் சதவீதம். அதிகம் அமுங்கினால் 5 பிஎஸ்ஐ ஏற்றுங்கள், குறைவு என்றால் 5 இறக்குங்கள், மறுபடி ஏறி நில்லுங்கள். வெளியே தெரிகிற குழாயின் நீளத்தை மட்டும் மொத்த அசைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல ஃபோர்க்குகளில் குழாய் அதைவிட நீளமாகவே தெரியும். கம்பெனி போட்ட எண்ணே கணக்கு.

பின் ஷாக் உள்ளவர்களுக்கும் இதே வேலைதான், ஒரு வித்தியாசம்: சக்கரத்தின் அசைவை வைத்துக் கணக்குப் போடக்கூடாது, ஷாக்கின் கம்பி எவ்வளவு உள்ளே போகும் என்பதை வைத்துப் போடவேண்டும். சக்கரம் 120 மி.மீ. அசையும் சைக்கிளில் ஷாக் 45 மி.மீ.தான் அசையலாம். அப்படியானால் 30 சதவீதம் என்பது 13.5 மி.மீ. தொடக்கத்துக்கு உங்கள் எடையைப் பவுண்டில் மாற்றி அத்தனை பிஎஸ்ஐ அடிப்பது பழைய வழக்கம், 70 கிலோ என்றால் 154. ஃபிரேமின் அமைப்பைப் பொறுத்து அது கூடக் குறைய வரும், சேக் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று: நேற்று 150 அடித்தேன், இன்று பம்ப் மாட்டினால் 140 காட்டுகிறது, லீக் ஆகிறது என்று பயப்படவேண்டாம். மாட்டும்போது ஷாக்கில் இருக்கும் காற்றில் கொஞ்சம் பம்பின் குழாய்க்குள் போய் நிறைகிறது, அவ்வளவுதான். கழற்றும்போது கேட்கும் உஸ் சத்தமும் பம்பிலிருந்து வருவதே.

ஸ்பிரிங் ஃபோர்க்காரர்களுக்கு நல்ல செய்தி குறைவுதான். அந்தத் திருகைக் கூட்டல் பக்கம் திருப்பினால் ஸ்பிரிங் கடினமாகாது, தொடக்கத்திலேயே கொஞ்சம் அமுக்கி வைக்கப்படும், அதனால் சேக் சில மி.மீ. குறையும். அது மட்டும்தான். இந்த ஃபோர்க்குகளில் வரும் ஸ்பிரிங் நடுத்தர எடைக்கானது. 90 கிலோவுக்கு மேல் இருப்பவர் திருகை முழுக்கத் திருப்பியும் அடியில் போய் இடிக்கிறது என்றால், கடின ஸ்பிரிங் கிடைத்தால் மாற்றலாம், கிடைக்காவிட்டால் காற்று ஃபோர்க்குக்குப் போவதே வழி. 50 கிலோவுக்குள் இருப்பவர்களுக்கு எதிர்ப் பிரச்சினை, முழுக்கத் தளர்த்தியும் ஃபோர்க் பாதிக்கு மேல் அசையவே அசையாது. அவர்கள் டயர் காற்றை வைத்தே சமாளித்துக்கொள்ளலாம், நம் தரைக்கு அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

ரீபவுண்டுக்கு வருவோம். இங்கேதான் நம் ஊருக்கான செட்டிங் மாறுகிறது. அமுங்கிய சஸ்பென்ஷன் எவ்வளவு வேகமாகத் திரும்பி வரவேண்டும் என்பதை இது தீர்மானிக்கிறது. ஃபோர்க்கின் வலது கால் அடியில் பெரும்பாலும் சிவப்புத் திருகாக இருக்கும், ஆமை படம் போட்ட பக்கம் மெதுவு, முயல் பக்கம் வேகம். ஆமைப் பக்கம் முழுக்கத் திருகி மூடிவிட்டு, அங்கிருந்து எத்தனை க்ளிக் திறக்கிறோம் என்று எண்ணுவது வழக்கம். மொத்தம் எத்தனை என்று எண்ணி நடுவில் வைத்துத் தொடங்குங்கள். வீட்டு வாசல் படியிலிருந்தோ நடைபாதை விளிம்பிலிருந்தோ சீட்டில் உட்கார்ந்தபடி மெதுவாக இறங்குங்கள். அமுங்கி, எழும்பி, ஒரே தடவையில் அடங்கினால் சரி. எழும்பி மறுபடி ஒரு ஆட்டம் ஆடினால் வேகம் அதிகம், ஆமைப் பக்கம் ஒரு க்ளிக். சோம்பலாக ஊர்ந்து மேலே வந்தால் முயல் பக்கம் ஒரு க்ளிக்.

ஆனால் படியில் சரியாக இருப்பது தோப்பில் சரியாக இருக்காது. முந்திரித் தோப்புக்குள் வேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இடத்தை நினைத்துப்பாருங்கள். முதல் வேரில் ஃபோர்க் அமுங்குகிறது, முழுக்க நீளுவதற்குள் இரண்டாவது வேர், அதற்குள் மூன்றாவது. ரீபவுண்ட் மெதுவாக இருந்தால் ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழேயே தங்கிவிடும், நாலாவது வேர் வரும்போது அசைவதற்கு இடமே இல்லாமல் கட்டையாகிவிடும். முதலில் மெத்தென்று இருந்து, போகப்போகக் கை அதிர ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம், இதுதான். வண்டி ஓடி ஓடி அலை அலையாகிப்போன செம்மண் பாதையிலும் இதே கதை. ஃபோர்க் ரொம்பக் கடினம் என்று நினைத்துக் காற்றைக் குறைப்பார்கள், அது இன்னும் கீழே போய் உட்காரும், இன்னும் மோசமாகும். காற்றைத் தொடாமல் முயல் பக்கம் இரண்டு க்ளிக் திறந்து பாருங்கள். படியில் பார்த்ததைவிட ஒன்றிரண்டு க்ளிக் வேகமாக வைப்பதுதான் நம் பக்கத்துக்குச் சரிப்படுகிறது என்பது என் எண்ணம். அளவு மீறினால் முன்சக்கரம் தத்தித் தத்திச் சரளையில் பிடி விடும், அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். காற்றழுத்தம் கூடினால் திரும்பி வரும் விசையும் கூடும், எனவே எடை அதிகம் உள்ளவர்களுக்கு ஆமைப் பக்கமாக நாலைந்து க்ளிக் தேவைப்படலாம். காற்றை மாற்றிய ஒவ்வொரு முறையும் ரீபவுண்டை மறுபடி பாருங்கள்.

கம்ப்ரெஷன், அந்த நீலத் திருகு, இருந்தால் முழுக்கத் திறந்தே வையுங்கள். ஈசிஆரில் எழுந்து நின்று மிதிக்கும்போது ஃபோர்க் மூக்கைக் குத்திக் குத்தி ஆடுகிறது என்றால் மட்டும் ஒன்றிரண்டு க்ளிக் மூடலாம்.

ஓட்டும் விதம் என்று பார்த்தால் நம்மிடம் மூன்று ரகம்தான். வாரம் முழுக்கத் தார் ரோடு, ஞாயிற்றுக்கிழமை ஊசுடு ஏரிப் பக்கம் ஒரு சுற்று என்பவர்கள் முன்னால் சேக் 15 முதல் 18 சதவீதம் வைத்தால் மிதிப்பது வீணாகாது. தோப்பு, செம்மண் ஒற்றையடிப் பாதை என்று மணிக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்கு 20 முதல் 25. ஓடை வெட்டுகளில் குதித்து விளையாடுகிறவர்களும் 20லேயே இருக்கட்டும், அடியில் போய் இடித்தால் காற்றைக் கூட்டாதீர்கள், கூட்டினால் சின்ன அதிர்ச்சி எல்லாம் கைக்கு வந்துவிடும். அதற்குக் காற்று அறைக்குள் போடும் பிளாஸ்டிக் டோக்கன்கள் இருக்கின்றன. இடத்தை அடைப்பதால் கடைசிப் பகுதி மட்டும் கடினமாகும். போடுவதற்கு முன் காற்றை முழுக்க, ஒரு துளி மிச்சமில்லாமல் வெளியேற்றிவிட்டு மூடியைக் கழற்றுங்கள், இல்லையென்றால் மூடி முகத்துக்குப் பறக்கும்.

சரியா இல்லையா என்பதை ஓ-ரிங்கே சொல்லும். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கீழே தள்ளிவிட்டுப் போங்கள். அன்றைய மிக மோசமான பள்ளத்தில் கடைசி 5, 10 மி.மீ. மட்டும் மிச்சம் வைத்திருந்தால் அருமை. எப்போதும் பாதியிலேயே நின்றால் காற்று அதிகம்.

ஒத்திகைக்கு ஒரு சின்னச் சுற்று போதும், ஐந்து நிமிடத்தில் முடிகிற மாதிரி, கொஞ்சம் வேர், கொஞ்சம் சரளை, ஒரு வெட்டு. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு மாற்றம், அதையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். முந்திரிக்கொட்டை பொறுக்கும் மாதங்களில் தோப்புக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள், பெரும்பாலும் போகச் சொல்லிவிடுவார்கள்.

நம் வெயிலையும் கணக்கில் எடுக்கவேண்டும். விடிகாலை 25 டிகிரியில் 80 பிஎஸ்ஐ வைத்த ஃபோர்க், கத்திரி வெயிலில் 40 டிகிரிக்கு வந்தால் 84, 85 ஆகியிருக்கும். வெயிலில் நிறுத்திய சைக்கிளில் ஃபோர்க் விறைப்பாவதற்கு அது போதும். அதனால் எப்போதும் ஒரே நேரத்தில், ஓட்டப்போகும் நேரத்திலேயே அழுத்தம் பாருங்கள்.

செட்டிங் கெட்டுப்போக முக்கியக் காரணம் உப்பும் மணலும். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஒரு படம் எடுக்கலாம் என்று ஈர மணலில் ஓட்டிவிட்டு அப்படியே வீட்டில் சாத்திவைத்தால், குழாயில் காயும் உப்பும் சீல் ஓரத்தில் ஒட்டும் மணலும் அடுத்த தடவை உரசி உரசிக் கோடு போட்டுவிடும். ஈரத்துணியால் குழாயையும் சீல் விளிம்பையும் துடைத்து, காயவிட்டு, ஒரு சொட்டு சிலிகான் ஸ்பிரே துணியில் அடித்துத் தடவினால் போதும். கிரீஸ், என்ஜின் ஆயில் வேண்டாம், மண் இன்னும் நன்றாக ஒட்டும். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுத்தால் சீல் மேல் நேராகத் தண்ணீர் அடிக்கவேண்டாம் என்று சொல்லுங்கள், சொன்னாலும் பக்கத்தில் நின்று பாருங்கள். நாள் கணக்கில் ஓட்டாமல் இருந்த காற்று ஃபோர்க் ஒட்டிக்கொண்ட மாதிரி விறைப்பாக இருந்தால், கிளம்பும் முந்தைய இரவு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவையுங்கள். அடியில் இருக்கும் எண்ணெய் சீலுக்குக் கீழுள்ள பஞ்சு வளையத்தை நனைத்துவிடும், காலையில் வித்தியாசம் தெரியும்.

ராக்‌ஷாக்ஸ் கம்பெனி 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் மாற்றச் சொல்கிறது. கடற்கரை ஊரில் அதைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. துடைத்துவிட்டு ஓட்டியும் குழாயில் மறுபடி மறுபடி எண்ணெய் வளையம் விழுந்தால் சீல் போய்விட்டது. புது சீல் வாங்கும்போது ஃபோர்க் பெயர் மட்டும் சொன்னால் போதாது, குழாயின் விட்டம் 30ஆ, 32ஆ, 34ஆ என்று அளந்து, மாடல் ஆண்டையும் சேர்த்துச் சொல்லி ஆர்டர் போடுங்கள்.